மனச்சோர்வு மாத்திரையுடன் மூலிகை: சேர்க்கும் முன் சொல்லுங்கள்

மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கியவர் அதன் பலனை உணரப் பொதுவாக 2 முதல் 6 வாரங்கள் ஆகின்றன. குமட்டல், தலைவலி போன்ற தொல்லைகளோ முதல் வாரத்திலேயே தோன்றிவிடுகின்றன. இந்தக் காத்திருப்புக் காலத்தில்தான் வீட்டிலுள்ளோர் மனம் பொறுக்காமல், "நரம்புக்கு நல்லது" என்று ஒரு சூரணத்தையோ மூலிகைக் கேப்சூலையோ வாங்கித் தருகின்றனர். அதன் பின்னே இருப்பது அன்புதான். ஆயினும், "வேறு மருந்து ஏதேனும் உட்கொள்கிறீர்களா?" என்று நாங்கள் கேட்கும்போது "இல்லை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கிறது. மூலிகையை மருந்தென்று பலரும் கருதுவதில்லை. உடலுக்கோ அந்த வேறுபாடு இல்லை.

செரோட்டோனின் அளவு மீறும்போது

செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம், ஃபுளுவாக்ஸிடின் முதலிய மருந்துகள் மூளையில் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளின் செயல்பாட்டைக் கூட்டுகின்றன. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற ஐரோப்பிய மூலிகையும் அதையே செய்கிறது. வெளிநாட்டு உறவினர் வழியாகவும் இணைய விற்பனை வழியாகவும் அது நம் வீடுகளுக்கு வந்து சேர்கிறது. 5-எச்.டி.பி. கேப்சூல்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே.

இவற்றை மாத்திரையுடன் சேர்த்து உட்கொண்டால் படபடப்பு, கை நடுக்கம், மிகுந்த வியர்வை, வயிற்றுப்போக்கு, அமைதியின்மை ஆகியன தோன்றலாம். பெரும்பாலும் 24 மணி நேரத்திற்குள் இவை தொடங்கும். கடும் காய்ச்சல், தசை இறுக்கம், மனக்குழப்பம் ஆகியவையும் சேர்ந்தால் அது உயிருக்கு ஆபத்தான நிலை. உடனே 108-ஐ அழையுங்கள்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டுக்கு இன்னொரு குணமும் உண்டு. கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது தூண்டிவிடுகிறது. அதனால் கருத்தடை மாத்திரை, வார்ஃபரின், உறுப்பு மாற்றம் செய்தோர் உட்கொள்ளும் சைக்ளோஸ்போரின் ஆகியவற்றின் பலன் குறைந்துவிடுகிறது.

நமக்குப் பழக்கமான மூலிகைகள்

அமுக்கரா உறக்கத்தைத் தரவல்லது. மிர்டசபின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளுடன் சேரும்போது பகலிலும் தூக்கக் கலக்கம் மிகலாம். வண்டி ஓட்டுவோர் கவனமாக இருக்க வேண்டும். தைராய்டு சுரப்பின் அளவையும் அது மாற்றக்கூடும்.

அதிமதுரத்தை நாள்தோறும் மிகுதியாக உட்கொண்டால் இரத்த அழுத்தம் உயரும், பொட்டாசியம் குறையும். வென்லாஃபாக்சின் உட்கொள்வோருக்கும் எஸ்சிட்டலோப்ராம் உட்கொள்ளும் இதய நோயாளிகளுக்கும் இது நல்லதன்று.

ஜின்கோ, செரோட்டோனின் வகை மாத்திரைகளுடன் சேரும்போது இரத்தக்கசிவு வாய்ப்பைக் கூட்டலாம். ஆஸ்பிரின் உட்கொள்வோருக்கு இது இன்னும் முக்கியம்.

சர்ப்பகந்தாவில் உள்ள ரெசர்பின் மனச்சோர்வையே மிகுவிக்கக்கூடும்.

சமையலில் சேரும் மஞ்சள், இஞ்சி, சீரகம் ஆகியவற்றைக் குறித்து அஞ்ச வேண்டியதில்லை. செறிவூட்டிய சாறு அடங்கிய கேப்சூல்களே வேறு கணக்கு.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. உட்கொள்ளும் சூரணம், லேகியம், கேப்சூல் அனைத்தையும் அவற்றின் உறையுடனோ புட்டியுடனோ மருத்துவரிடம் கொண்டு வாருங்கள். பெயர் நினைவில் இல்லாவிட்டாலும் உறை பேசும்.

2. சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் செல்லும்போது எங்கள் மருந்துச் சீட்டையும் காட்டுங்கள்.

3. மூலிகை தொடங்கிவிட்டோம் என்பதற்காக மனச்சோர்வு மாத்திரையைத் திடீரென நிறுத்தாதீர்கள். தலைசுற்றல், உறக்கமின்மை, மின்னதிர்வு போன்ற உணர்வு ஆகியன தோன்றலாம், நோயும் திரும்பலாம்.

4. மாத்திரையை நிறுத்திய உடனே செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டுக்கு மாறாதீர்கள். ஃபுளுவாக்ஸிடின் உடலை விட்டு முழுமையாக நீங்க 5 வாரங்கள் வரை ஆகலாம்.

5. அறுவை சிகிச்சைக்கு முன்பும், கருவுற்றிருந்தாலும், பாலூட்டினாலும் மூலிகைகளைப் பற்றி மறவாமல் தெரிவியுங்கள்.

6. நோயாளி வாழ்வில் பிடிப்பில்லை என்று பேசினால் அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராதீர்கள். அவரைத் தனியே விடாமல் உடனே அழைத்து வாருங்கள். டெலி மனாஸ் உதவி எண் 14416 இரவும் பகலும் இயங்குகிறது.

மூலிகை உட்கொண்டதைச் சொன்னால் மருத்துவர் கடிந்துகொள்வார் என்ற தயக்கம் பலருக்கு உண்டு. எங்கள் நோக்கம் குறை காண்பதன்று. சில மூலிகைகளைத் தொடரலாம் என்றே நாங்கள் சொல்லக்கூடும்; சிலவற்றை நிறுத்தச் சொல்வோம். இரண்டில் எது என்று முடிவு செய்வதற்கு, நீங்கள் உட்கொள்வது என்னவென்று எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.