கண்ணெதிரே மாயமாகும் குறிகள்: தெரியுமா?

மார்க்டவுன் என்ற குறியீட்டு முறையில் மழை என்ற சொல்லைத் தடித்த எழுத்தாக்க அதன் முன்னும் பின்னும் இரண்டிரண்டு நட்சத்திரக் குறிகளைத் தட்டுவோம் இல்லையா? அந்த 4 நட்சத்திரக் குறிகளையும் அழிக்காமலே மறைத்துவிடலாம், தெரியுமா? விம் எடிட்டரில் 'கன்சீல்லெவல்' என்ற அமைப்பில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்!

0 வைத்தால் எல்லாம் அப்படியே தெரியும். 1 வைத்தால் மறைந்த துண்டு ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஒரே ஓர் எழுத்து நிற்கும். 2 வைத்தால் மாற்றுக்குறி இருந்தால் மட்டும் அது தெரியும். 3 வைத்தால் அதுவும் கிடையாது, துடைத்த மாதிரி காலி!

கோப்பில் ஓர் எழுத்துகூடக் குறையாது! கர்சரை அந்த வரிக்குக் கொண்டுபோங்கள். போன குறிகள் எல்லாம் சட்டென்று வந்து நிற்கும்! கர்சர் வந்தாலும் குறிகள் வெளியே வரக்கூடாதா? அதற்கும் 'கன்சீல்கர்சர்' என்று தனி அமைப்பு இருக்கிறது. தட்டச்சு செய்யும்போது மட்டும் காட்டு, மற்ற நேரம் மறை என்றுகூடச் சொல்லி வைக்கலாம்!

லேடெக் என்ற ஆவண மொழியில் கணக்கு எழுதுபவரா நீங்கள்? வலப்பக்க அம்புக்குறிக்கான கட்டளை ஒன்று 11 எழுத்து நீளம். விம்மில் அந்த 11-உம் சுருங்கி, திரையில் ஒரே ஓர் அம்பாக நிற்கும்!

விம் வந்தது 1991-ல். இந்த வித்தை சேர்ந்தது 2010-ல், 7.3 பதிப்பில். 19 ஆண்டு இடைவெளி!

விம்மின் உதவிப் பக்கங்களே இப்படித்தான், தெரியுமா? எண்ணை 0 ஆக்கிப் பாருங்கள். சொற்களைச் சுற்றி ஒளிந்திருந்த நட்சத்திரங்களும் செங்குத்துக் கோடுகளும் கொட்டும்!

இன்னொரு விந்தை! நீளமான இணைப்பு முகவரியை மறைத்தாலும், வரியை எங்கே மடக்குவது என்று பார்க்கும்போது விம் அதையும் சேர்த்தே எண்ணும். அதனால் வரி பாதியிலேயே மடங்கி, மிச்ச இடம் வெறுமையாகக் கிடக்கும்!

ஈமேக்ஸ் என்ற இன்னோர் எடிட்டர் பக்கம் வாருங்கள். அங்கு குறிப்புகள் எழுத உதவும் ஆர்க் மோடை 2003-ல் உருவாக்கியவர் கார்ஸ்டன் டொமினிக். அவர் தொழில் என்ன தெரியுமா? வானியல் ஆய்வு! அதிலும் குறிகளை மறைக்கலாம். 'ஆர்க்-அப்பியர்' என்ற துணைநிரலைச் சேர்த்தால் வரி முழுக்கத் திறக்காது, கர்சர் தொட்ட சொல்லின் குறிகள் மட்டும் எட்டிப் பார்க்கும். எவ்வளவு நுணுக்கம்! எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் அழகு.

இதெல்லாம் புதுசு என்று நினைக்கிறீர்களா? அமெரிக்காவின் யூட்டாவில் 1979-ல் தொடங்கிய வேர்ட்பெர்ஃபெக்ட் என்ற சொற்செயலியைக் கேளுங்கள்! டாஸ் காலத்திலேயே அதில் ஆல்ட்டும் எஃப்3-உம் அழுத்தினால் திரை இரண்டாகப் பிளக்கும். மேலே உங்கள் கடிதம், கீழே அதே கடிதம் ஒளித்த குறிகளோடு! கீழே தடிப்புக் குறியை அழித்தால், மேலே எழுத்தின் தடிப்பு போய்விடும்!