இன்வெர்ட்டர் வாங்கும் முன் ஒரு கணக்கு: சிறுதொழில் செய்வோருக்கு



நம் அறக்கட்டளையின் கர்ளன் ஹஸனா கடனுதவிக்கு வரும் விண்ணப்பங்களில், இன்வெர்ட்டர், பேட்டரி, ஜெனரேட்டர் வாங்க உதவி கேட்பவை அடிக்கடி வருகின்றன. வீட்டில் தையல் வேலை செய்யும் சகோதரிகள், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் இளைஞர்கள், கோழிக்கறிக் கடை, ஐஸ்கிரீம் கடை நடத்துபவர்கள் எனப் பலரும் கேட்கிறார்கள். அவர்கள் சொல்லும் சிரமம் உண்மையானது. பெருநாளைக்கு முந்தைய வாரத்தில் ஒரு பகல் முழுக்கக் கரன்ட் இல்லையென்றால், வாக்குக் கொடுத்த துணியைத் தைத்து முடிக்க முடியாது. அன்றைய கூலி போவதோடு வாடிக்கையாளரும் வேறு கடைக்குப் போய்விடுவார்.

ஆனால் விண்ணப்பத்தோடு வரும் விலைப்பட்டியலைப் பார்த்தால், சில நேரம் தேவையைப் போல் இரண்டு மடங்கு பெரிய சாதனம் எழுதப்பட்டிருக்கிறது. "எதற்கும் பெரிதாகவே வாங்கிக்கொள்ளுங்கள்" என்று கடைக்காரர் சொல்வதை நாமும் நம்பிவிடுகிறோம். அந்தக் கூடுதல் தொகைக்காக வட்டிக்குப் போகும் குடும்பங்களும் உண்டு. வீண்விரயம், வட்டி இரண்டையும் நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. அறக்கட்டளையின் பணமோ மக்களின் அமானத். ஆகவே, கடைக்குப் போகும் முன் வீட்டில் உட்கார்ந்து ஒரே தாளில் போடக்கூடிய கணக்கை இங்கே விளக்குகிறேன்.

முதல் கேள்வி: எப்படிப்பட்ட மின்தடை?

2012ஆம் ஆண்டு வாக்கில் சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரன்ட் இல்லாமல் இருந்தது பலருக்கும் நினைவிருக்கும். இன்றும் பலர் அந்தக் காலத்தை மனதில் வைத்தே அளவு சொல்கிறார்கள். இப்போதைய மின்தடை மூன்று வகை. எப்போதாவது அரை மணி, ஒரு மணி நேரம் போய்வரும் தடை ஒன்று. பராமரிப்புப் பணிக்காக முன்கூட்டியே அறிவித்துக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரையோ, சில இடங்களில் மாலை வரையோ நிறுத்தும் 'ஷட் டவுன்' இரண்டாவது. புயல், பெருமழையால் வருவது மூன்றாவது.

இரண்டு மாதம் ஒரு காலண்டரில் குறித்து வாருங்கள்: எந்த நாள், எத்தனை மணிக்குப் போனது, எப்போது வந்தது. ஷட் டவுன் அறிவிப்பு நாளிதழ்களில் வரும். மின்வாரியத்தின் 'மின்னகம்' சேவை எண்ணான 94987 94987இல் புகாரும் சொல்லலாம், விவரமும் கேட்கலாம். மாதம் ஒரு ஷட் டவுன் மட்டுமே உள்ள தெருவுக்கும், தினமும் இரண்டு மணி நேரம் போகும் தெருவுக்கும் ஒரே சாதனம் பொருந்தாது.

இரண்டாவது கேள்வி: எது ஓடியே ஆகவேண்டும்?

கடையில் உள்ள எல்லாமும் மின்தடையில் ஓட வேண்டியதில்லை. தொழில் நிற்காமல் இருக்க எது வேண்டும் என்பதை மட்டும் எழுதுங்கள். ஒவ்வொரு சாதனத்தின் பின்பக்கமும் 'வாட்ஸ்' அளவு அச்சிட்டிருக்கும்.

வீட்டில் தையல் வேலை செய்யும் ஒரு சகோதரியை எடுத்துக்கொள்வோம். மோட்டார் பொருத்திய இரண்டு மிஷின்கள், தலா 100 வாட்ஸ். இரண்டு எல்.இ.டி. ட்யூப்லைட், தலா 20 வாட்ஸ். ஒரு ஃபேன் 75 வாட்ஸ். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் 315 வாட்ஸ். இன்வெர்ட்டர் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும் என்பதை முடிவு செய்வது இந்த எண்தான். கடையில் 'வி.ஏ.' என்ற அளவில் சொல்வார்கள். 900 வி.ஏ. என்றால் ஏறத்தாழ 700 வாட்ஸ் தாங்கும். மோட்டார் ஓடத் தொடங்கும்போது சில நொடி கூடுதலாக இழுக்கும். அதற்கும் சேர்த்து இந்தச் சகோதரிக்கு 900 வி.ஏ. தாராளம்.

அடுத்து பேட்டரி. அது எத்தனை மணி நேரம் தாங்கவேண்டும் என்பதைப் பொறுத்தது. தையல் மோட்டார் மிதிக்கும்போதுதான் கரன்ட் எடுக்கும். துணியைத் திருப்புவதிலும் நூல் கோர்ப்பதிலும் பாதி நேரம் போய்விடும். எனவே மிஷின்களுக்குச் சராசரி 100 வாட்ஸ் போதும். லைட் 40, ஃபேன் 75 சேர்த்து 215 வாட்ஸ். ஐந்து மணி நேர ஷட் டவுனுக்கு 215 x 5 = 1,075 வாட்-மணி வேண்டும்.

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 12 x 150 = 1,800 வாட்-மணி இருப்பதாகக் கணக்கு. ஆனால் அத்தனையும் நமக்குக் கிடைக்காது. சாதாரண ஈய-அமில பேட்டரியை முழுவதுமாக வடித்தால் சீக்கிரம் கெட்டுவிடும். இன்வெர்ட்டரும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். கைக்கு வருவது சுமார் 1,000 வாட்-மணி என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. அதாவது நம் சகோதரிக்குக் கொஞ்சம் குறைகிறது. இங்கேதான் "இரண்டு பேட்டரி போட்டுவிடுங்கள்" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். பழைய ஃபேனை எடுத்துவிட்டு 30 வாட்ஸில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டினால், 215 என்பது 170 ஆகிவிடும். ஐந்து மணி நேரத்துக்கு 850 வாட்-மணி. ஒரே பேட்டரி போதும். ஃபேனின் விலை இன்னொரு பேட்டரியின் விலையில் கால் பங்குகூட வராது. மாதாமாதம் மின்கட்டணமும் குறையும்.

இந்தக் கணக்கில் இஸ்திரிப் பெட்டியைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது 750 முதல் 1,000 வாட்ஸ் வரை இழுக்கும். அதற்காக இன்வெர்ட்டர் வாங்கினால் செலவு இரட்டிப்பாகும். சூடேற்றும் எதையும், அதாவது இஸ்திரி, ஹீட்டர், மின் அடுப்பு ஆகியவற்றை இன்வெர்ட்டரில் சேர்க்காதீர்கள். ஷட் டவுன் நாளில் இஸ்திரியைக் காலையிலேயே முடித்துவிடலாம், அல்லது கரன்ட் வந்தபிறகு போடலாம். கால் மிதி ஸ்டாண்டு உள்ள பழைய மிஷினை விற்றுவிடாதீர்கள். ஒரு பெல்ட் மாட்டினால் கரன்ட்டே இல்லாமல் ஓடும்.

தொழிலுக்கு ஏற்றபடி

ஜெராக்ஸ், இ-சேவை வேலை செய்பவர்கள்: ஜெராக்ஸ் மிஷினிலும் லேசர் பிரிண்டரிலும் உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது வேலை செய்யும்போது 1,000 வாட்ஸ் வரையோ அதற்கு மேலோ எடுக்கும். அதை பேட்டரியில் ஓட்ட நினைக்காதீர்கள். மின்தடை நேரத்துக்கு மையை ஊற்றிப் பயன்படுத்தும் சிறிய இங்க் டேங்க் பிரிண்டர் ஒன்று வைத்துக்கொண்டால் 20 வாட்ஸ் அளவில் வேலை முடியும். லேப்டாப் 60, வை-ஃபை பெட்டி 10, லைட் 20, ஃபேன் 30. எல்லாம் சேர்த்து 140 வாட்ஸ்தான்.

கறிக்கடை, மீன்கடை, ஐஸ்கிரீம் கடை வைத்திருப்பவர்கள்: இவர்களுக்கே பெரிய ஜெனரேட்டர் தேவை என்று நினைக்கிறோம். ஆனால் நன்றாக நிரம்பி, மூடியே இருக்கும் ஃப்ரீசர் மூன்று, நான்கு மணி நேரத் தடையை எந்த உதவியும் இல்லாமல் தாங்கும். திறந்து திறந்து மூடுவதுதான் கெடுக்கும். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து நிரப்புங்கள். விற்பனைக்கு வேண்டியதை ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் தனியே எடுத்து வையுங்கள். ஃப்ரீசரை ஓட்டியே ஆகவேண்டிய நிலை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: 150 வாட்ஸ் என்று எழுதியிருக்கும் கம்ப்ரஸர், ஓடத் தொடங்கும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். சிறிய இன்வெர்ட்டர் அங்கேயே நின்றுவிடும்.

எந்த பேட்டரி, எந்த இன்வெர்ட்டர்?

மோட்டார், கம்ப்யூட்டர் ஓட்டுபவர்கள் 'ப்யூர் சைன் வேவ்' இன்வெர்ட்டரையே கேளுங்கள். விலை மலிவான ஸ்கொயர் வேவ் வகையில் ஃபேனும் மோட்டாரும் இரைந்து சூடாகும்.

ஈய-அமில பேட்டரிகளில் 'ட்யூபுலர்' வகை, தட்டையான தகடு உள்ளதைவிட நீண்ட நாள் உழைக்கும். 900 வி.ஏ. இன்வெர்ட்டரும் 150 ஆம்பியர் ட்யூபுலர் பேட்டரியும் சேர்த்து ஏறத்தாழ 20,000 முதல் 25,000 ரூபாய் ஆகலாம். லித்தியம் பேட்டரியின் விலை கூடுதல். ஆனால் சேமித்ததில் பெரும்பகுதியை எடுக்கலாம், சீக்கிரம் சார்ஜ் ஆகும், தண்ணீர் ஊற்ற வேண்டாம், பல ஆண்டு உழைக்கும். 100 ஆம்பியர் லித்தியம், 150 ஆம்பியர் ஈய-அமிலத்தின் வேலையைச் செய்யும். தினமும் கரன்ட் போகும் இடத்தில் லித்தியம் நாளடைவில் கட்டுப்படியாகும். மாதம் ஒருமுறை போகும் இடத்தில் ட்யூபுலர் போதும்.

வாரண்டி அட்டையில் '36 + 24 மாதம்' என்பதுபோல் இருந்தால், முதல் 36 மாதம்தான் இலவச மாற்று. அடுத்த 24 மாதம் புதியது வாங்க விலையில் தள்ளுபடி மட்டுமே. இதைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். பழைய பேட்டரியைக் காயலான் கடைக்கு உடைத்துக் கொடுக்காதீர்கள். ஈயம் நஞ்சு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளலாம்.

ஜெனரேட்டரும் சோலாரும்

சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் வாங்கும்போது மலிவாகத் தெரியும். ஓட்டும்போதுதான் செலவு தெரியும். மணிக்கு அரை லிட்டர் அளவில் குடித்தால், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய நிலையில் ஒரு ஷட் டவுன் நாளுக்கே 250 ரூபாய் ஆகிவிடும். ஒரு நாள் தையல் கூலியில் எவ்வளவு மிஞ்சும் என்று யோசியுங்கள். ஆனால் நீண்ட மின்தடைக்கு ஜெனரேட்டரை விட்டால் வழியில்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டா மாவட்டங்களில் பல ஊர்களில் வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. எந்த பேட்டரியும் அதைத் தாங்காது. அப்படிப்பட்ட நாளுக்காக ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவதைவிட, ஒரே வரிசையில் உள்ள நான்கைந்து கடைக்காரர்கள் பங்கு போட்டு ஒன்று வாங்குவதும், தேவைப்படும்போது வாடகைக்கு எடுப்பதும் நல்லது.

உயிர் சம்பந்தப்பட்டது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஜெனரேட்டரைக் கடைக்குள்ளோ, பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னாலோ, வீட்டு மாடிப்படிக்குக் கீழோ ஓட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குபவர் தூக்கத்திலேயே இறந்துவிடுவார். திறந்தவெளியில், ஜன்னலுக்குத் தொலைவில் வையுங்கள். நிறுத்தி, சூடு ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுங்கள். வயரைச் சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரன்ட் கொடுக்காதீர்கள். அது கம்பத்துக்குப் போய், அங்கே வேலை செய்யும் லைன்மேனின் உயிரைப் பறிக்கும். 'சேஞ்ச் ஓவர்' ஸ்விட்ச் கட்டாயம் வேண்டும்.

சோலார் பற்றியும் ஒரு விளக்கம். 2024இல் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் வீட்டு இணைப்புகளுக்கு 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் என்றால் 78,000 ரூபாய் மானியம் உண்டு. மின்கட்டணம் குறைய நல்ல வழி. ஆனால் பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைக்கும் சோலார், கரன்ட் போனால் தானும் நின்றுவிடும். லைன்மேன்களின் பாதுகாப்புக்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். "சோலார் போட்டால் கரன்ட் கட்டே இருக்காது" என்று யாராவது சொன்னால், பேட்டரியும் சேர்த்தா என்று கேளுங்கள்.

பணம் கட்டும் முறை

கடைக்காரரே தவணை விலை இவ்வளவு என்று முன்கூட்டியே ஒரே விலையாகப் பேசி, அது பிறகு கூடாமல் வாங்கிக்கொள்வது வேறு. நிதி நிறுவனத்தில் கடன் எழுதி வட்டி கட்டுவது வேறு. 'வட்டியில்லாத் தவணை' என்று விளம்பரம் செய்தாலும், தவணை தப்பினால் என்ன சேரும், 'பிராசஸிங்' கட்டணம் எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். ஐயம் இருந்தால் கையெழுத்துப் போடும் முன் நம் பள்ளிவாசல் இமாமிடம் அந்தத் தாளைக் காட்டிக் கேளுங்கள்.

கர்ளன் ஹஸனாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் மூன்று தாள் கொண்டுவந்தால் போதும்: இரண்டு மாத மின்தடைக் குறிப்பு, ஓட வேண்டிய சாதனங்களின் வாட்ஸ் பட்டியல், இரண்டு கடைகளின் விலைப்பட்டியல். கணக்குப் போடத் தெரியவில்லையென்றால் அலுவலகத்துக்கு வாருங்கள், உட்கார்ந்து போட்டுத் தருகிறோம். ஒருவருக்கு இரண்டு பேட்டரிக்குக் கொடுக்கும் தொகையில் ஒன்று மிஞ்சினால், வரிசையில் காத்திருக்கும் இன்னொரு சகோதரிக்கு அது உதவும்.

வாங்கிய பிறகு பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகள் கைபடாமல் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பிடிக்கும் வாயு வெளிவரும். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்த்து டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

நம் கைத்தொழில்களிலும் வியாபாரத்திலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. கடனில்லாத வாழ்வையும் ஹலாலான ரிஸ்கையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்