நினைவகப் பிழைகாண் கருவிகளும் ஆராய்ந்து தெளிதலும்

கணினியின் நினைவகம், தோட்டத்து லயன் அறைகள்போல, இலக்கமிடப்பட்ட அறைகளின் வரிசையாகும். செய்நிரலொன்று தனக்கு ஒதுக்கப்படாத அறையுட் புகுதலும், திருப்பிக் கொடுத்த அறையை மீண்டும் ஆளுதலும், முன்னிருந்தோர் விட்டுச்சென்றதைத் தன் பொருளென மயங்குதலும் நினைவகப் பிழைகள் எனப்படும். சி மொழியில் இயன்ற பெருநிரல்களிற் பிழை பிறக்கும் இடம் ஒன்று. நிரல் நிலைகுலையும் இடம் வேறொன்று. ஆதலின் அதனைக் கண்ணாற் கண்டறிதல் அரிது.

இவ்விடர் தீர்க்க எழுந்த கருவிகளுள் ஒன்று, யூலியன் சீவார்ட் என்பார் 2002ஆம் ஆண்டில் வெளியிட்ட வால்கிரின்ட் ஆகும். அது நினைவகத்தின் ஒவ்வொரு பிற்றுக்கும் நிழற்குறிப்பொன்றைப் பேணி, ஆங்குப் பெறுமானம் இடப்பட்டுள்ளதா என நோக்கும். இதனால் நிரல் 10 முதல் 30 மடங்கு வரை தாமதித்து ஓடும். பெறுமானம் இடப்படாத பிற்றினைக் கொண்டு நிரல் ஒரு முடிவுக்கு வர முற்படும்போதே கருவி முறையிடும். எனவே, முறைப்பாடு எழுந்த இடமே பிழையின் பிறப்பிடம் எனக் கொள்ளலாகாது.

இக்கருவியின் சொல்லை ஆராயாது ஏற்றமையால் விளைந்த கேட்டிற்கு டெபியன் பணிசெயல் முறைமையின் வரலாறு சான்றாகும். இரகசியத் திறவுகோல்களை ஆக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்னும் நிரற்றொகுதி, எவரும் முன்னறிய இயலாத எழுமாற்று எண்களை வேண்டி நிற்பது. பெறுமானம் இடப்படாத நினைவகத்தையும் அது தன் கலவையிற் சேர்த்தமையால் வால்கிரின்ட் முறையிட்டது. அம்முறைப்பாட்டை அடக்கும் நோக்கில், 2006ஆம் ஆண்டில் டெபியன் பதிப்பிலிருந்து இரு வரிகள் நீக்கப்பட்டன. அவ்விரண்டும் தோற்றத்தில் ஒத்தவை, தொழிலில் வேறானவை. ஒன்றை நீக்கியதால் தீங்கில்லை. மற்றையதோ, எழுமாற்றுத் தகவல் யாவும் கலவையுட் புகும் வாயில். அவ்வாயில் அடைபடவே, இயங்கும் நிரலின் அடையாள இலக்கம் மாத்திரம் எஞ்சியது. ஒவ்வொரு கணினி வகைக்கும் திறவுகோல் அளவிற்கும் 32,768க்கு மேற்படாத திறவுகோல்களே தோன்றலாயின. அவற்றை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தல் கள்வனுக்கு எளிது. கருவி மௌனமாயிற்று, கதவோ திறந்தே கிடந்தது. லூசியானோ பெல்லோ என்பார் கண்டறிந்த இக்குறை 2008 மே 13இல் அறிவிக்கப்பட்டது. பழுதுற்ற திறவுகோல்கள் அனைத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று.

இதனாற் பெறப்படுவன மூன்று. முறைப்பாடு எழுந்தவிடத்து, அப்பெறுமானம் பிறந்த இடத்தைத் தேடல் முதலாவது; இதற்கென வால்கிரின்டிலேயே ஒரு தெரிவு உண்டு. தீங்கற்றதெனத் தெளிந்த முறைப்பாட்டை, நிரலிற் கைவையாது கருவியின் விலக்குப் பட்டியலிற் சேர்த்தல் இரண்டாவது. கருவியின் மௌனத்தை நலத்திற்குச் சான்றாகக் கொள்ளாமை மூன்றாவது. ஏனெனில், ஓடிய வழியை மாத்திரமே கருவி காணும்; பெருநிரல் நினைவகத்தை மொத்தமாகப் பெற்றுத் தானே பங்கிடுமாயின், அப்பங்கீட்டினுள் நிகழும் பிழைகள் பல அதன் பார்வைக்குத் தப்பும்.

கருவி அறிவிப்பது அறிகுறியே. நோயின் முதலை நாடுதல் மனிதன் கடன்.