வழிவந்த நிரலில் ஒரு வரி: உரைவழிப் பல்பயனர் விளையாட்டும் தமிழ் உள்ளீடும்

உரைவழிப் பல்பயனர் விளையாட்டுகளை உருவாக்குவோர் வலையமைப்புப் பகுதியைப் புதிதாக எழுதுவது அரிது. கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகக் கணினியியல் துறை மாணவர் ஐவர் 1990-91ஆம் ஆண்டுகளில் உருவாக்கிய டிக்குமட் என்னும் நிரலிலிருந்து மெர்க், ரோம், சர்க்கிள்மட் முதலியன கிளைத்தன. கதையும் களமும் மாறின. இணைப்புகளை ஏற்று, பலருடைய வரிகளை ஒரே சுழற்சியில் படிக்கும் பகுதி அடிப்படையில் அப்படியே தொடர்ந்தது. பிழை களையப்பட்ட நிரலை மீண்டும் பயன்படுத்துவது நியாயமே. ஆயினும் அதில் எழுதப்படாத முடிவுகள் சிலவும் உடன்வருகின்றன.

இவற்றின் உள்ளீட்டுப் பகுதியில் ஒரு சோதனை உண்டு: ஆஸ்கி வரம்புக்குட்பட்ட, அச்சிடத்தக்க பைட்டுகள் மட்டுமே ஏற்கப்படும், ஏனையவை ஓசையின்றி விடப்படும். யுடிஎஃப்-8 முறையில் 'அ' என்பது 224, 174, 133 என மூன்று பைட்டுகள். மூன்றும் 127ஐ மிஞ்சியவை. எனவே 'வடக்கு' என ஒருவர் தட்டினால் வழங்கிக்குக் கிடைப்பது வெற்று வரி, பிழைச்செய்திகூட எழாது.

அச்சோதனையை நீக்கினால் போதும் என்று தோன்றும். போதாது. கடவுச்சொல் கேட்கும்போது, தட்டும் எழுத்துகள் திரையில் தோன்றாதிருக்க வழங்கி ஒரு டெல்நெட் கட்டளையை அனுப்புகிறது. பயனரின் மென்பொருள் அதனை ஏற்றுப் பொதுவாக 255, 253, 1 எனப் பதிலளிக்கும். பழைய சோதனை இவற்றையும் சேர்த்தே வடிகட்டி வந்தது. ஆஸ்கிக்காக எழுதப்பட்ட வரி, டெல்நெட்டுக்கான காவலாகவும் இருந்திருக்கிறது. அது நீங்கினால் அம்மூன்று பைட்டுகளும் கடவுச்சொல்லின் முன் ஒட்டிக்கொள்ளும். சரியான கடவுச்சொல்லும் மறுக்கப்படும்.

தீர்வுக்கு யுடிஎஃப்-8இன் அமைப்பே இடந்தருகிறது. அதில் 244க்கு மேற்பட்ட பைட் எதுவும் வருவதில்லை. டெல்நெட் கட்டளையோ 255இல் தொடங்குகிறது. ஆதலின் டெல்நெட் தொடர்களை முதலில் பிரித்தெடுத்து, எஞ்சியதை யுடிஎஃப்-8ஆகச் சரிபார்த்தபின் ஏற்கலாம். கட்டுப்பாட்டுக் குறிகளுக்கான தடை நீடிக்கவேண்டும்.

இன்னும் இரண்டு இடங்கள் எஞ்சுகின்றன. பின்னழிப்பு விசை வழங்கியை எட்டும்போது ஒரு பைட்டை மட்டுமே நீக்கும். 'கு' என்பதோ ஆறு பைட். உள்ளீட்டு வரியின் 256 பைட் வரம்பில் தமிழ்க் குறியீடுகள் 85க்கு மேல் அடங்கா. உயிர்மெய்கள் பல இரு குறியீடுகளாலானவை என்பதால் எழுத்தெண்ணிக்கை இன்னும் குறையும். வரம்பை உயர்த்துவது எளிது. வரியை வெட்டும் இடம் ஓர் எழுத்தின் நடுவில் விழாதபடி பார்ப்பதே கடினம்.