பாட்டி பார்த்த வேலையை இனி யார் பார்ப்பது?

உங்கள் வீட்டில் சமீபத்தில் பாட்டி தவறிவிட்டாரா? காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஊர் திரும்பி, வீடு வெறிச்சென்று கிடக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

பாட்டியின் படத்தைப் பெரிதாக்கி, மாலை போட்டு, கூடத்தில் மாட்டியிருப்பீர்கள். நல்லது. ஆனால், அந்த வீட்டில் அவர் தினமும் பார்த்து வந்த ஒரு வேலை இருக்கிறதே... அதை யார் எடுத்துக்கொண்டீர்கள்?

"என்ன வேலை டாக்டர்? சமையலுக்கு ஆள் இருக்கு, மத்ததை நாங்களே பார்த்துக்கிறோம்" என்பீர்கள். நான் சொல்வது அதையல்ல.

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் 'எண்வகைத் தேர்வு' என்று ஒரு பாடம் படித்தோம். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் ஆகிய எட்டையும் பார்த்து நோயைக் கணிப்பது. நாடியைத் தவிர மற்ற ஏழையும் என் அம்மா எந்தக் காலேஜுக்கும் போகாமலே பார்த்தார்! "ஏண்டா, கண்ணு மஞ்சளா இருக்கே?", "நாக்கை நீட்டு பார்ப்போம்", "இவ குரலே சரியில்லையே, ராத்திரி தூங்கலையா?" இப்படியே காலையில் காபி ஆற்றும் நேரத்துக்குள் வீட்டில் அத்தனை பேரையும் பரிசோதித்து முடித்துவிடுவார். என் பிள்ளைகளுக்கு அவர்தான் முதல் டாக்டர். நான் இரண்டாவதுதான்!

உங்கள் பாட்டியும் அப்படித்தான் இருந்திருப்பார். அவர் போனபின் காலியாவது நாற்காலி மட்டுமல்ல, இந்தக் கவனிப்பும்தான். அதை யாராவது கையில் எடுத்தே ஆகவேண்டும்.

தாத்தாதான் முதலில்!

தாத்தா இருக்கும் வீடு என்றால் முதல் கவனம் அவர்மேல் இருக்கட்டும். இங்கிலாந்தில் மனைவியை இழந்த, 55 வயதைத் தாண்டிய 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து, 1969-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே ஏற்பட்ட மரணங்கள், அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களிடையே எதிர்பார்க்கக் கூடியதைவிட 40 சதவீதம் அதிகம்! அதில் பெரும்பகுதி இருதய நோயால். 'ஏக்கத்திலேயே போயிட்டார்' என்று நம் ஊரில் சொல்வது வெறும் பேச்சல்ல.

ஆகவே, அவருடைய பிரஷர், சுகர், இருதய மாத்திரைகளை யார் எடுத்துக் கொடுப்பது என்று இன்றைக்கே முடிவு செய்யுங்கள். இத்தனை வருஷமும் பாட்டிதானே கொடுத்தார்? எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்று தாத்தாவுக்கே தெரியாமல் இருக்கலாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், அந்த மாத்திரைகளை ஒருநாளும் விடக்கூடாது.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள். தட்டை அறைக்குக் கொண்டுபோய் வைக்காமல், கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் 'மனசு கஷ்டம்தான்' என்று விட்டுவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நானும் போயிடறேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாலோ, வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தாலோ, மனநல மருத்துவரிடம் காட்டத் தயங்கவேண்டாம்.

வாய்க்குப் பிடிக்கவில்லை என்றால் அங்காயப் பொடி செய்து கொடுக்கலாம். சுண்டைக்காய் வற்றல், காய்ந்த வேப்பம்பூ, மிளகு, சீரகம், கறிவேப்பிலை இவற்றைத் தனித்தனியே வறுத்து, சுக்கு, பெருங்காயம் சேர்த்துப் பொடியுங்கள். சூடான சாதத்தில் அரை ஸ்பூன் பொடி, கொஞ்சம் நெய். முதல் கவளமாகச் சாப்பிட்டால் பசி எடுக்கும். வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு மிளகைக் குறைத்துவிடுங்கள். பிரஷர் இருந்தால் உப்பு சேர்க்க வேண்டாம்.

குழந்தை கேட்டால்...

"பாட்டி எங்கே?" என்று பேத்தி கேட்டால் "தூங்கறாங்க", "ஊருக்குப் போயிருக்காங்க" என்று சொல்லாதீர்கள். அப்புறம் தூங்கவே பயப்படும். நீங்கள் வெளியூர் கிளம்பினால் அழும். "பாட்டி செத்துப்போயிட்டாங்க, இனி வரமாட்டாங்க. எனக்கும் அழுகையா வருது" என்று உண்மையைச் சொல்லி மடியில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அதுவே மருந்து.

கைப்பக்குவத்தை எழுதுங்கள்

குணபாடத்தில் 'திரிகடி அளவு' என்று படித்தோம். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றாலும் எடுக்கும் அளவு. அம்மா இதையே "மூணு வெரல்ல அள்ளு" என்பார். இந்தக் கணக்கெல்லாம் கையோடு இருப்பது. கை போனால் கணக்கும் போய்விடும்!

எழுத்தின் அருமைக்கு ஓர் உதாரணம். மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. நம் பாட்டிமார்கள் காலங்காலமாகச் செய்ததற்கு! நமது சி.எஸ்.ஐ.ஆர். நிறுவனம் எதிர்த்தது. "எங்க பாட்டி செஞ்சாங்க" என்று சொன்னால் செல்லுமா? பழைய வைத்திய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கட்டுரையையும் காட்டியபிறகே, 1997-ல் அந்த உரிமை ரத்தானது. காப்பாற்றியது எழுத்துதான்.

எனவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். அத்தை, சித்தி, பக்கத்துவீட்டு மாமி என்று பாட்டியின் பக்குவம் தெரிந்தவர்களைக் கேளுங்கள். என்ன பொருள், எத்தனை ஸ்பூன், எந்த வயதுக்கு, எத்தனை நாள்... எல்லாவற்றையும் எழுதுங்கள்.

இதையெல்லாம் விட்டுவிடுங்கள்!

பாட்டி செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லமாட்டேன். வயிற்றுப்போக்குக்கு உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, தொண்டைக் கரகரப்புக்கு உப்பு, மஞ்சள் போட்ட வெந்நீரில் வாய் கொப்பளிப்பது போன்றவற்றைத் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக் குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதை விட்டுவிடுங்கள். அது நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். பிறந்த குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே. ஒரு வயதுவரை தேனும் கூடாது. அதிலுள்ள ஒருவகைக் கிருமி நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கலாம். பாட்டிமேல் உள்ள பிரியம் வேறு, குழந்தையின் உயிர் வேறு.

முதல் வருஷ திவசத்துக்கு அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரும் ஒன்றுகூடுவீர்கள் அல்லவா? அந்த நோட்டை ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கொன்று கொடுங்கள். முதல் பக்கத்தில் பாட்டியின் பெயர் இருக்கட்டும்.

பாட்டி இன்னும் உங்களோடு இருக்கிறாரா? நீங்கள் பாக்கியசாலி! இன்று சாயங்காலமே நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் உட்காருங்கள். கேட்பதற்கு ஆள் வந்தால் அவருக்கும் பாதி வலி குறையும்!