பிளாஸ்டிக்கும் காலமும்

யங் குணகம் காணும் சோதனையை இயற்பியல் மாணவர்களாகிய நாம் அனைவரும் செய்திருக்கிறோம். கம்பியில் எடையைத் தொங்கவிட்டு நீட்சியை அளக்கிறோம், தகைவைத் திரிபால் வகுக்கிறோம், விடை கிடைத்துவிடுகிறது. கம்பிக்குப் பதிலாகப் பாலித்தீன் பட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் என்ன ஆகும்? எடை மாறாதிருந்தும் நீட்சி வளர்ந்துகொண்டே போகும். இப்பண்பினை ஆங்கிலத்தில் 'கிரீப்' என்பர். நான் இதனை 'ஊர்வு' என்று குறிப்பிடுகிறேன்.

இதற்குக் காரணம் என்ன? பிளாஸ்டிக்கின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். சிக்குண்ட நூல்போல் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. சுமை ஏறியதும் பிணைப்புகள் சற்றே விரிகின்றன. இது உடனடி நீட்சி. பிறகு சுருண்ட சங்கிலிகள் மெல்ல நிமிர்கின்றன. சுமையை நீக்கினால் இந்நீட்சி சிறிது சிறிதாக மறையும். ஆனால், சங்கிலிகள் ஒன்றையொன்று கடந்து வழுக்கிவிட்டால் அந்த நீட்சி மீளாது. பட்டிழையில் இத்தகைய தாமத நீட்சி இருப்பதை ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் வேபர் 1835-ஆம் ஆண்டிலேயே எடுத்துக்காட்டினார்.

ஊர்வை அளக்கும்போது சூழ்நிலை மாறக்கூடாது. வெப்பம் ஏறினால் சங்கிலிகள் விரைந்து நகரும். நைலான் போன்றவை காற்றின் ஈரத்தை உறிஞ்சி மென்மையாகும். ஆகவே, பட்டையை மூடிய அறையில் வைத்து, பெரும்பாலும் 23 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையும் 50 விழுக்காடு ஈரப்பதமும் மாறாமல் காக்கின்றனர். 1, 10, 100, 1000 மணி என்று இடைவெளியைப் பெருக்கி அளவெடுத்து, காலத்தை மடக்கை அளவில் குறித்து வரைபடம் வரைகின்றனர். ஆயிரம் மணி என்பது ஏறத்தாழ 42 நாள்! அதற்கும் அப்பாற்பட்ட ஆண்டுகளின் ஊர்வை அறிய, உயர்ந்த வெப்பநிலைகளில் சோதித்துக் கணிக்கின்றனர். இக்கணிப்புக்குரிய சமன்பாடு ஒன்றை வில்லியம்ஸ், லாண்டெல், பெர்ரி ஆகிய மூவர் 1955-இல் வெளியிட்டனர்.

இத்தனை பொறுமை எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரச் சுரங்கச் சாலை ஒன்றில், கூரையின் கான்கிரீட் பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் எபாக்சிப் பசையால் பதிக்கப்பட்டிருந்தன. பதித்தபோது இழுவைச் சோதனையில் தேறியவைதாம் அவை. ஆயினும் ஓயாத சுமையில் பசை ஊர்ந்தது. 2006 ஜூலை 10 அன்று பலகைகள் ஒரு காரின்மேல் விழ, அதில் சென்ற பெண்மணி உயிரிழந்தார். பசையின் ஊர்வைக் கருதாமல் விட்டதே விபத்துக்குக் காரணம் என்று 2007-இல் விசாரணை அறிக்கை கூறிற்று.

'இப்பொருள் எவ்வளவு எடை தாங்கும்?' என்று கேட்கப் பழகியிருக்கிறோம். 'எவ்வளவு காலம் தாங்கும்? எந்த வெப்பத்தில், எந்த ஈரத்தில்?' என்றும் சேர்த்துக் கேட்போமாக!