பெயரற்ற இசையும் எழுத்தின் அதிகாரமும்

இசையாக்கம் ஒன்றின் ஆசிரியர் பெயர் அறியப்படாதபோது அதனை வெறும் தகவல் இழப்பாகக் கொள்வதே வழக்கம். எவ்விசை எழுத்தில் ஏறியது, ஏற்றும் வாய்ப்பு எவர் கையில் இருந்தது என்னும் வினாக்களோடு இணைத்து நோக்கின், பெயரின்மையும் சமூக வரலாற்றுச் சான்றாகிறது. இதனை விளக்க இரு பதிவுகளை ஒப்புநோக்குவோம்.

முதலாவது, இங்கிலாந்தின் றொபேட்ஸ்பிறிட்ஜ் ஏடு. 14ஆம் நூற்றாண்டினவான இவ்விரு தாள்களும் சசெக்ஸ் பகுதியிலிருந்த அப்பெயருடைய துறவிமடத்தின் பதிவேடொன்றோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. இசை அங்குதான் இயற்றப்பட்டது என்பதற்கு இது சான்றாகாது. விசைப்பலகைக் கருவிக்கென எழுதப்பட்டு இன்று எஞ்சியுள்ள இசையுள் இதுவே மிகப் பழையது. கருவியின் பெயர் குறிக்கப்படவில்லை, ஓர்கனாகலாம் என்பர். ஆறு ஆக்கங்களுள் மூன்று ஆடலிசை வடிவின. ஏனைய மூன்று பல்குரற் பாடல்களைச் சொல் நீக்கிக் கருவிக்கு அமைத்தவை. மேற்குரல் கோடுகளின்மீது இசைக்குறிகளாலும், கீழ்க்குரல் எழுத்துகளாலும் குறிக்கப்பட்டுள்ளன. இயற்றியோர் பெயர் எதற்கும் இல்லை. ஓர்கனோ செல்வமுடைய நிறுவனங்களின் கருவி; துருத்தி இயக்குவோரின் உழைப்பின்றி அதில் ஓர் ஒலியும் எழாது. அவ்வுழைப்புக்கு ஏட்டிற் குறியீடே இல்லை.

இரண்டாவது, புதுக்கோட்டைப் பகுதியின் குடுமியான்மலைக் கல்வெட்டு. பொதுவாக 7ஆம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் இதில், ஏழு பிரிவுகளாகச் சுரத்தொகுதிகள் பொறிக்கப்பட்டுள்ளன. உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் மாணாக்கர் நலன் கருதி ஆக்கியது என அதன் இறுதிவாசகம் கூறுகிறது. அரசன் பெயர் இல்லை. அரசன் என்னும் தகுதி மட்டும் உண்டு. மகேந்திரவர்ம பல்லவன் என்பது பிற்கால ஊகமே. இங்குப் பெயர் மறைந்தும் அதிகாரம் மறையவில்லை.

மடமும் அரசும் தம் இசையை நிலைநிறுத்தும் பொருள்வளம் பெற்றிருந்தன. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் (1892-1947) வழக்கிழந்த யாழை மீட்டுணர முயன்று, 1947இல் யாழ்நூலை வெளியிட்டார். அப்பெருமுயற்சியும் பெரிதும் எழுத்தில் எஞ்சியவற்றையே ஆதாரமாகக் கொள்ளவேண்டியிருந்தது. அதே கரையோரத்தில் கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடல்களும், வயலிற் பாடுபட்டோர் பாடல்களும், கல்முனைப் பகுதி முஸ்லிம் பெண்களின் கவிகளும் பெரும்பாலும் வாய்மொழியாக வாழ்ந்தன. பிற்காலத் தொகுப்புகளிற் பெரும்பாலும் சொற்களே அச்சேறின, மெட்டுகள் ஏறவில்லை.

ஆகவே பெயரின்மை ஒரே தன்மையதன்று. நிறுவனத்தின் நிழலிற் பெயர் மறைந்த இசை பிழைத்தது. உழைப்போரின் இசையோ பாடுவோரோடு அழியும் நிலையிலுள்ளது. இன்று ஒலிப்பதிவு எளிதாகிவிட்ட நிலையிலும், பாடிய பெண்ணின் பெயரை விட்டு 'நாட்டார் பாடல்' என்று மட்டும் குறிப்போமாயின், பழைய ஏடுகள் செய்ததையே நாமும் செய்கிறோம். அவரது விருப்பறிந்து பெயரையும், பாடிய சூழலையும், மெட்டையும் ஒருங்கே பதிவதே ஆய்வாளர் கடனாகும்.